வாடகை வீட்டின் முன்பணம்: சாவி வாங்கும் நாளிலேயே எழுதிக்கொள்ள வேண்டியவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வாடகை வீட்டைக் காலி செய்த பிறகு அட்வான்ஸ் தொகை கைக்கு வராமல் மாதக்கணக்கில் அலையும் குடும்பங்களைப் பற்றித் தங்கள் பெங்களூரு பதிப்பில் அண்மையில் வெளிவந்த செய்தியையும், அதையொட்டி வாசகர்கள் எழுதிய கடிதங்களையும் படித்தேன். எழுதியவர்களில் பெரும்பாலோர் வீட்டு உரிமையாளர்களின் பேராசையையும் தரகர்களின் அலட்சியத்தையும் குறை கூறியிருந்தார்கள். அந்தக் குறைகளில் உண்மை உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. அல்சூர், இந்திரா நகர், ஜீவன்பீமா நகர், சி.வி. ராமன் நகர் பகுதிகளில் வீடுகளை வாடகைக்கு அமர்த்தி, அவற்றின் பழுதுகளைக் கவனித்து, காலி செய்யும் நாளில் இரு தரப்புக்கும் கணக்கு முடித்துக் கொடுக்கும் ஒரு சிறிய அலுவலகத்தில் பல ஆண்டுகளாகப் பணிபுரிகிறவள் நான். இந்த வேலையில் நான் திரும்பத் திரும்பக் கண்டது ஒன்றுதான்: முன்பணத் தகராறு காலி செய்யும் நாளில் வெளியே தெரிகிறது; அதற்கான விதை சாவி கைமாறும் நாளிலேயே விழுந்துவிடுகிறது. அன்று எழுதாமல் விட்டதெல்லாம் கடைசியில் முன்பணத்திலிருந்து கழிக்கப்படும் தொகையாக வந்து நிற்கிறது. இதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டுகிறேன்.

பெங்களூருக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் திகைப்பது முன்பணத்தின் அளவைக் கேட்டுத்தான். பத்து மாத வாடகையை முன்பணமாக வாங்குவது இங்கு நெடுங்கால நடைமுறை. அடுக்குமாடிக் குடியிருப்புகள் பலவற்றில் அது இப்போது ஐந்து, ஆறு மாதங்களாகவும், சிலவற்றில் இரண்டு, மூன்று மாதங்களாகவும் குறைந்திருந்தாலும், தனி வீடுகளில் பத்து மாதம் கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். காலி செய்யும்போது பெயிண்ட் அடிக்கவென்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வதும் அதே அளவுக்கு ஊறிப்போன வழக்கம். இதன் சுமையைக் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் புரியும். மாதம் 25,000 ரூபாய் வாடகை, பத்து மாத முன்பணம் என்றால் 2,50,000 ரூபாய் வீட்டு உரிமையாளரிடம் வட்டியின்றிக் கிடக்கிறது. ஆண்டுக்கு ஆறு சதவீத வட்டி என்று குறைவாக வைத்துக்கொண்டாலும், பதினொரு மாதத்துக்கு 13,750 ரூபாய் போகிறது. பெயிண்டுக்கு 25,000 ரூபாய். இரண்டும் சேர்ந்து 38,750 ரூபாய், அதாவது மாதத்துக்கு ஏறத்தாழ 3,500 ரூபாய். எங்களைப் போன்றவர்கள் வாங்கும் ஒரு மாதத் தரகுத் தொகையையும் பங்கிட்டுச் சேர்த்தால், 25,000 ரூபாய் வாடகை என்று சொல்லிக் குடியேறியவர் பதினொரு மாதத்தில் வெளியேறினால் உண்மையில் கொடுத்தது மாதம் 30,000 ரூபாய்க்கும் மேல். வீடு பார்க்கும்போது இந்தக் கணக்கை யாரும் அவருக்குச் சொல்வதில்லை.

இது சம்பளக்காரர்களின் கணக்கு. ஸ்ரீராமபுரத்திலும், மர்பி டவுனிலும், ஆஸ்டின் டவுனிலும் ஓர் அறையும் சமையலுக்கு ஒரு மூலையும் உள்ள ஷீட் வீட்டில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களின் கணக்கு வேறு. வீட்டு வேலை செய்யும் பெண்ணும், பெயிண்டர் வேலைக்கோ ஆட்டோ ஓட்டவோ போகும் கணவரும் ஒரு லட்சம் ரூபாய் முன்பணத்தை வங்கியிலிருந்து எடுத்துக் கொடுப்பதில்லை. சீட்டை நட்டத்தில் ஏலம் எடுத்தோ, நகையை அடகு வைத்தோ, தெரிந்தவரிடம் நூற்றுக்கு மூன்று ரூபாய் மாத வட்டிக்கு வாங்கியோ கொடுக்கிறார்கள். ஒரு லட்சத்துக்கு மூன்று ரூபாய் வட்டி என்றால் மாதம் 3,000 ரூபாய். 7,000 ரூபாய் வாடகை வீட்டில் இருப்பவருக்கு அது ஏறக்குறைய அரை வாடகை. அந்த வீட்டைக் காலி செய்த பிறகும் முன்பணம் வராமல் மூன்று மாதம் இழுத்தடிக்கப்பட்டால், பழைய கடனுக்கு வட்டி கட்டிக்கொண்டே புதிய வீட்டின் முன்பணத்துக்கு இன்னொரு கடன் வாங்க வேண்டியிருக்கிறது. தாமதம் என்ற ஒன்றே இவர்களுக்கு எவ்வளவு பெரிய அபராதம் என்பதை வீட்டு உரிமையாளர்கள் அறிந்தால் பலர் இப்படிச் செய்யமாட்டார்கள் என்றே நம்புகிறேன்.

உரிமையாளர் தரப்பையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். எங்கள் பகுதியில் வாடகைக்கு விடுபவர்களில் கணிசமானவர்கள் எச்.ஏ.எல்., பி.இ.எம்.எல்., ஐ.டி.ஐ., என்.ஜி.இ.எஃப். போன்ற தொழிற்சாலைகளில் உழைத்து ஓய்வுபெற்றவர்கள், அல்லது அவர்களுடைய மனைவியர். வருங்கால வைப்பு நிதியையும் பணிக்கொடையையும் போட்டு, முப்பதுக்கு நாற்பது அடி மனையில் மூன்று தளம் எழுப்பி, கீழே தாங்கள் இருந்துகொண்டு மேலே இரண்டு குடித்தனம் வைத்திருக்கிறார்கள். அந்த வாடகைதான் அவர்களின் மாதாந்திர வருமானம். முன்பணமாக வந்த தொகை மேல்தளத்தின் பாக்கிக் கடனுக்கோ, மகளின் திருமணத்துக்கோ, மருத்துவமனைக்கோ போய்விடுகிறது. குடியிருப்பவர் இரண்டு மாத அவகாசம் கொடுத்துக் காலி செய்யும்போது அவர்கள் கையில் பணம் இருப்பதில்லை. அடுத்த குடித்தனம் வந்து முன்பணம் கொடுத்தால்தான் பழையவருக்குக் கொடுக்க முடியும். இதை ஏமாற்று என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் திருப்பிக் கொடுக்க வேண்டிய பணத்தைச் செலவழித்துவிட்டு, கொடுக்க முடியாத நிலை வந்ததும் சுவரில் ஆணி அடித்தார்கள், குழாய் கெட்டுப்போயிற்று என்று காரணம் தேடத் தொடங்கும்போது அது அநியாயமாகிறது. பத்து மாத முன்பணம் என்ற வழக்கமே நல்லவர்களையும் இந்த இடத்துக்குக் கொண்டுவந்து நிறுத்துகிறது.

இதன் எதிர்வினையாகக் குடியிருப்பவர்களிடமும் ஒரு பழக்கம் வேரூன்றிவிட்டது. எப்படியும் அட்வான்ஸ் முழுதாக வராது என்று அஞ்சி, கடைசி மூன்று நான்கு மாதம் வாடகை கொடுக்காமல் "அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிடுகிறார்கள். மின்கட்டணப் பாக்கியோடு, உடைந்த கண்ணாடியோடு வீட்டைவிட்டுப் போகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அப்படி ஒருவரிடம் இழந்த உரிமையாளர் அடுத்து வருகிறவரிடம் இன்னும் அதிகமாகக் கேட்கிறார். இந்தச் சங்கிலியை எங்கேயாவது அறுக்க வேண்டுமென்றால், அது முதல் நாளில்தான் முடியும்.

முதல் நாளில் செய்யவேண்டியது என்ன? எங்கள் அலுவலகத்தில் சாவி கொடுப்பதற்கு முன் உரிமையாளரோ அவர் சார்பில் ஒருவரோ, குடிவரும் குடும்பத்தில் ஒருவர், எங்களில் ஒருவர் என மூவரும் அறை அறையாக நடந்து ஒரு படிவத்தை நிரப்புகிறோம். ஒவ்வொரு மின்விசிறியும் ஓடுகிறதா, எந்த விசிறி சத்தம் போடுகிறது, கீசர் எந்த ஆண்டு வாங்கியது, சமையலறைப் புகைபோக்கியின் வடிகட்டி எந்த நிலையில் இருக்கிறது, கழிவறை ஃப்ளஷ் தொட்டி ஒழுகுகிறதா, கொசுவலைச் சட்டங்களில் எத்தனை கிழிந்திருக்கின்றன, வாசல் பூட்டுக்கு எத்தனை சாவிகள், மாடிக் கதவுக்குத் தனிச் சாவி உண்டா என்றெல்லாம் எழுதுகிறோம். சுவரில் முன்பே உள்ள ஆணித் துளைகளையும், குளியலறையை ஒட்டிய சுவரில் மழைக்காலத்தில் வரும் ஈரக்கசிவின் கறையையும் தேதி விழும்படி படம் எடுத்து இரு தரப்புக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறோம். ஈரக்கசிவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பெங்களூரின் பழைய வீடுகளில் மேல்தளத்துக் குளியலறையிலிருந்து இறங்கும் நீர் கீழ்வீட்டுச் சுவரில் உப்புப் பூத்துப் பெயிண்டை உரித்துவிடுகிறது. அது கட்டடத்தின் குறை. ஆனால் காலி செய்யும் நாளில் உரிந்த சுவரைக் காட்டிக் குடியிருந்தவரிடம் பணம் பிடிப்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். குடியேறிய அன்று எடுத்த ஒரே ஒரு படம் அந்த வாக்குவாதத்தை ஐந்து நிமிடத்தில் முடித்துவிடும்.

மின்சாரமும் தண்ணீரும் இதைவிட அதிகச் சண்டைக்குக் காரணமாகின்றன. மின் வழங்கல் நிறுவனமான பெஸ்காமின் மீட்டர் காட்டும் அன்றைய அளவையும், பில்லில் அச்சாகியிருக்கும் ஆர்.ஆர். எண் என்ற இணைப்பு எண்ணையும் எழுதிக்கொள்ள வேண்டும். 2023-ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ள, கர்நாடக அரசின் கிருஹ ஜோதி திட்டத்தில் மாதம் 200 யூனிட் வரையிலான இலவச மின்சாரம் வாடகைக்கு இருப்பவர்களுக்கும் உண்டு. ஆனால் அந்த வீட்டின் மீட்டரோடு முந்தைய குடித்தனக்காரரின் ஆதார் இணைந்தே கிடந்தால் புதியவர் பதிவு செய்ய முடிவதில்லை. காலி செய்கிறவர் அந்த இணைப்பை நீக்கிவிட்டுப் போகவேண்டும் என்பதைக் கணக்கு முடிக்கும் நாளின் வேலைகளில் ஒன்றாகவே நாங்கள் சேர்த்திருக்கிறோம். தண்ணீரைப் பொறுத்தவரை, வீட்டுக்குக் காவிரி இணைப்பு உண்டா, ஆழ்துளைக் கிணறு மட்டும்தானா, சம்பில் எவ்வளவு நீர் கொள்ளும், அதை எத்தனை குடித்தனம் பங்கிடுகிறது, தண்ணீர் வற்றினால் டேங்கர் லாரிக்குப் பணம் கொடுப்பது யார் என்பவை எழுத்தில் இருக்கவேண்டும். 2024 கோடையில் நகரெங்கும் ஆழ்துளைக் கிணறுகள் வற்றியபோது, இந்தக் கடைசிக் கேள்விக்கு ஒப்பந்தத்தில் விடை இல்லாத வீடுகளில் டேங்கர் செலவு முழுவதும் குடியிருப்பவர் தலையில் விழுந்தது. சிலர் அதை வாடகையில் கழித்துக் கொடுத்தார்கள், உரிமையாளர்கள் அதை வாடகைப் பாக்கியென்று எழுதிவைத்துப் பின்னால் முன்பணத்தில் பிடித்தார்கள்.

பெயிண்ட் விஷயத்தில் சட்டம் என்ன சொல்கிறது என்பதை வாசகர்கள் அறிந்திருப்பது நல்லது. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் 108-ஆவது பிரிவு, குடியிருப்பவர் வீட்டைத் தாம் பெற்றுக்கொண்ட நிலையிலேயே திருப்பித் தரவேண்டும் என்று விதிக்கும்போது, நியாயமான பயன்பாட்டினால் ஏற்படும் தேய்மானத்தை அதிலிருந்து விலக்கிவைக்கிறது. மூன்று ஆண்டு குடியிருந்த வீட்டில் சுவரின் நிறம் மங்குவது தேய்மானம். குழந்தை கிரேயான் கொண்டு கூடம் முழுவதும் கிறுக்கியது சேதம். இந்த வேறுபாட்டை வைத்துப் பேசினால் பெரும்பாலான கணக்குகள் சுமுகமாகவே முடிகின்றன. ஆனால் அந்தப் பிரிவு, ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதிக்கொள்ளாத இடத்தில்தான் துணைக்கு வரும். "காலி செய்யும்போது ஒரு மாத வாடகை பெயிண்டுக்குக் கழிக்கப்படும்" என்ற வரி ஒப்பந்தத்தில் இருந்து, அதன் கீழ் கையெழுத்தும் போட்டுவிட்டால், பிறகு வாதாடுவது கடினம். ஆகவே அந்த வரியைப் பற்றிப் பேசவேண்டிய நேரம் டோக்கன் தொகை கொடுப்பதற்கு முந்தைய நேரம். எத்தனை ஆண்டு குடியிருந்தாலும் ஒரே தொகை என்பதற்குப் பதிலாக, மூன்று ஆண்டு முடிந்தால் பெயிண்ட் செலவு உரிமையாளருடையது, அதற்கு முன் காலி செய்தால் உண்மையான செலவுக்கு பில் காட்டி அதில் ஒரு பகுதி குடியிருந்தவருடையது என்று எழுத உரிமையாளர்களை இணங்கவைத்திருக்கிறோம். முதலில் தயங்கியவர்களும், நல்ல குடித்தனம் நீடித்துத் தங்க இது உதவுகிறது என்று கண்டபின் தொடர்கிறார்கள்.

ஒப்பந்தத்தைப் பற்றி இன்னொன்று. பெங்களூரில் பெரும்பாலான வாடகை ஒப்பந்தங்கள் பதினொரு மாதத்துக்குத்தான் எழுதப்படுகின்றன. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்பதால், அந்தச் செலவையும் அலைச்சலையும் தவிர்க்கவே இந்தப் பதினொரு மாதம். முத்திரைத் தாளில் ஆங்கிலத்தில் அடித்து வைத்திருக்கும் பழைய மாதிரியில் பெயரையும் தொகையையும் மாற்றிக் கொடுத்துவிடுகிறார்கள். ஆங்கிலம் வாசிக்கத் தெரியாத தாய்மார்கள், கன்னடம் பேசத் தெரிந்தும் எழுதப் படிக்கத் தெரியாத நம் மக்கள், ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவதை நினைத்தால் மனம் வேதனைப்படுகிறது. எங்கள் அலுவலகத்தில் ஒப்பந்தத்தின் ஒவ்வொரு வரியையும் குடிவருகிறவருக்குப் புரியும் மொழியில் வாய்விட்டுப் படித்துச் சொன்ன பிறகுதான் கையெழுத்து வாங்குகிறோம். அதற்கு முக்கால் மணி நேரம் ஆகும். அந்த முக்கால் மணி நேரத்தைத் தரகர்கள் எல்லோரும் கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சட்டப் பாதுகாப்பு என்று பார்த்தால், கர்நாடகத்தில் வாடகைக் குடும்பங்களின் நிலை பலவீனமானது. 1999-ஆம் ஆண்டின் கர்நாடக வாடகைச் சட்டம் பெங்களூரு போன்ற பெரிய நகரங்களில் மாத வாடகை 3,500 ரூபாய்க்கு மேற்பட்ட வீடுகளைத் தன் வரம்புக்கு வெளியே வைத்திருக்கிறது. இன்றைய பெங்களூரில் அந்த வாடகைக்குள் அடங்கும் வீடு எங்கே இருக்கிறது? ஆகவே மற்றவர்களெல்லாம் சொத்து மாற்றுச் சட்டத்தையும் உரிமையியல் நீதிமன்றத்தையும்தான் நம்பவேண்டியிருக்கிறது. ஐம்பதாயிரம் ரூபாய் முன்பணத்துக்காக வழக்கறிஞர் வைத்து ஆண்டுக்கணக்கில் நடக்க யாரால் முடியும்? தமிழ்நாட்டில் 2019-இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், மாறாக ஒப்பந்தம் செய்துகொண்டால் ஒழிய, முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேற்படக்கூடாது என்கிறது. மத்திய அமைச்சரவை 2021 ஜூன் மாதம் ஒப்புதல் அளித்த மாதிரி வாடகைச் சட்டம் இன்னும் தெளிவாக, குடியிருப்புக்கு இரண்டு மாத வாடகைதான் உச்சவரம்பு என்றும், வீட்டை ஒப்படைக்கும் அன்றே உரிய கழிவு போக முன்பணத்தைத் திருப்பித் தரவேண்டும் என்றும் சொல்கிறது. பழுதுகளில் எது யாருடையது என்பதற்கு அதில் ஒரு பட்டியலே இருக்கிறது. சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு ஜன்னல்களுக்கு வண்ணம் பூசுவதும் உரிமையாளரின் பொறுப்பில் வருகின்றன. குழாய் வாஷர் மாற்றுவது, ஸ்விட்ச், பூட்டு, கொசுவலை, ஜன்னல் கண்ணாடி ஆகியவை குடியிருப்பவரின் பொறுப்பில் வருகின்றன. வாடகை மாநிலங்களின் அதிகாரத்துக்கு உட்பட்டது என்பதால், மாநிலம் தன் சட்டமாக ஏற்றாலொழிய இது இங்கு யாரையும் கட்டுப்படுத்தாது. ஆயினும் அந்தப் பட்டியலை உரிமையாளரும் குடியிருப்பவரும் தாங்களாகவே ஒப்பந்தத்தில் இணைத்துக்கொள்ள எந்தத் தடையும் இல்லை. நாங்கள் இணைக்கிறோம்.

முன்பணத்தைவிடப் பெரிய ஆபத்து போக்கியத்தில் இருக்கிறது. லீஸ் என்று இங்கு சொல்லப்படும் அந்த முறையில், மாத வாடகை இல்லாமல், எட்டு லட்சம், பத்து லட்சம் என்று மொத்தமாகக் கொடுத்துவிட்டு இரண்டு மூன்று ஆண்டு குடியிருந்து, போகும்போது முழுத் தொகையையும் திரும்பப் பெறவேண்டும். ஊரில் நிலத்தை விற்ற பணத்தையும், ஓய்வுபெற்றபோது வந்த தொகையையும் நம் மக்கள் இதில்தான் அதிகமாகப் போடுகிறார்கள், ஏனென்றால் மாதாமாதம் வாடகை இல்லை என்ற நிம்மதி பெரிதாகத் தெரிகிறது. சில ஆண்டுகளாக இதில் ஒரு மோசடி நடந்துவருகிறது. இடைத்தரகு நிறுவனமொன்று உரிமையாளரிடம் மாத வாடகைக்கு வீட்டை எடுக்கிறது. அதே வீட்டை ஒரு குடும்பத்துக்குப் போக்கியத்துக்கு விட்டுப் பெருந்தொகையை வாங்குகிறது. சில மாதம் உரிமையாளருக்கு வாடகை கட்டிவிட்டு நிறுத்திக்கொண்டு அலுவலகத்தைப் பூட்டிவிடுகிறது. உரிமையாளர் வந்து வாடகை எங்கே என்று கேட்கும்போதுதான், தாங்கள் பணம் கொடுத்த ஆளுக்கும் வீட்டுக்கும் சம்பந்தமில்லை என்பது அந்தக் குடும்பத்துக்குத் தெரியவருகிறது. இருவருமே ஏமாந்தவர்கள், ஆனால் வீட்டை இழப்பது குடியிருப்பவர். போக்கியத்துக்குப் போகிறவர்கள் வீட்டு உரிமையாளரை நேரில் பார்க்காமல், அவர் பெயரில் காத்தாவும் (மாநகராட்சியின் சொத்துப் பதிவேட்டுச் சான்று) வரி ரசீதும் இருப்பதைச் சரிபார்க்காமல், பதிவுத் துறையின் காவேரி இணையதளத்தில் வில்லங்கச் சான்றிதழ் எடுத்துப் பார்க்காமல் ஒரு ரூபாயும் கொடுக்கக்கூடாது. பணம் உரிமையாளரின் வங்கிக் கணக்குக்கே போகவேண்டும். சொத்தை ஈடாக வைத்து 100 ரூபாயோ அதற்கு மேலோ வாங்கும் அடமானம் பொதுவாகப் பதிவு செய்யப்பட்ட, இரு சாட்சிகள் கையெழுத்திட்ட பத்திரமாக இருக்கவேண்டும் என்று சொத்து மாற்றுச் சட்டம் சொல்லும்போது, பத்து லட்சத்தை வெறும் முத்திரைத் தாளை நம்பிக் கொடுப்பது எவ்வளவு ஆபத்தானது என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். பதிவுச் செலவுக்கு அஞ்சி முதலையே இழந்தவர்கள் எங்கள் அலுவலகத்துக்கு வந்து அழுதிருக்கிறார்கள். அப்போது எங்களால் ஒரு காவல் நிலையத்தின் முகவரியைத் தவிர வேறெதையும் கொடுக்க முடிந்ததில்லை.

இனித் தரகர்களைப் பற்றி. 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தபோது எங்கள் தொழிலுக்கும் ஓர் ஒழுங்கு வந்துவிட்டது என்று பலர் நினைத்தார்கள். அந்தச் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்யவேண்டியவர்கள் பதிவு பெற்ற திட்டங்களில் மனையையோ வீட்டையோ விற்க வாங்க உதவும் முகவர்கள்தாம். வாடகைக்கு வீடு பார்த்துத் தருகிறவர் அதில் வருவதில்லை. வாடகைத் தரகர்களின் பதிவைக் குறித்து 1999-ஆம் ஆண்டின் கர்நாடக வாடகைச் சட்டத்திலேயே விதி இருந்தும், தெருமுனையில் டு-லெட் பலகையில் கைபேசி எண்ணை ஒட்டித் தொழில் செய்பவர்களிடம் அந்த விதி போய்ச் சேரவில்லை. மும்பையில் நிலைமை சற்று வேறு. மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி வாடகை ஒப்பந்தங்கள் எழுத்தில் இருந்து பதிவும் செய்யப்படவேண்டும், அந்தப் பொறுப்பு உரிமையாளருடையது. அங்கு இதற்கென இணையவழிப் பதிவும் நடக்கிறது. தாராவியிலும் செம்பூரிலும் வாடகைக்கு இருக்கும் நம்மவர்களுக்கு, தகராறு வரும்போது பதிவான ஒரு காகிதமாவது கையில் இருக்கிறது. பெங்களூரில் அதுவும் இல்லை.

விதி வருவதற்குக் காத்திருக்காமல் தரகர்களாகிய நாங்களே மாற்றிக்கொள்ளக்கூடியது ஒன்று இருக்கிறது. இதைத் தொழிலில் உள்ள நண்பர்கள் விரும்பமாட்டார்கள் என்று தெரிந்தும் எழுதுகிறேன். ஒரு வீட்டில் குடித்தனம் மாறும் ஒவ்வொரு முறையும் எங்களுக்கு ஒரு மாத வாடகை தரகாகக் கிடைக்கிறது. குடும்பம் ஐந்து ஆண்டு நிம்மதியாக இருந்தால் எங்களுக்கு ஒன்றும் இல்லை. பதினொரு மாதத்தில் சண்டை போட்டுக் காலி செய்தால் புதிதாக ஒரு தரகு. குடியேறியவுடன் முழுத் தொகையையும் வாங்கிக்கொள்ளும் தரகருக்கு, அந்தக் குடும்பம் முன்பணத்தைத் திரும்பப் பெற்றதா என்று பார்க்க எந்தக் காரணமும் இல்லை. எனவே தரகுத் தொகையில் பாதியைச் சாவி கொடுக்கும் நாளிலும், மீதியை வீட்டைக் காலி செய்து முன்பணக் கணக்கு முடிந்து இரு தரப்பும் கையெழுத்திட்ட நாளிலும் வாங்குவது என்ற முறைக்கு மாறவேண்டும். வெளிநாட்டில் இருக்கும் உரிமையாளர்களின் வீடுகளுக்கு நாங்கள் மாதாமாதம் ஒரு சிறு பராமரிப்புக் கட்டணம் வாங்குகிறோம். அந்த வீடுகளில் முன்பணத் தகராறு அபூர்வம். நாங்கள் மற்றவர்களைவிட நல்லவர்கள் என்பதால் அப்படி அமையவில்லை. குடியிருப்பவர் நீடித்திருப்பதில் எங்களுக்கும் பங்கு இருப்பதால் ஒழுகும் குழாயை அன்றே சரிசெய்கிறோம், சேதம் வளர்வதில்லை, கடைசி நாளில் கழிக்க ஒன்றும் மிஞ்சுவதில்லை.

காலி செய்யும் நாளைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்கிறேன். வீட்டைப் பெட்டி சாமான்கள் எடுத்துக் காலியாக்கிய பிறகு, பகல் வெளிச்சத்தில், முதல் நாள் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதே மூவரும் மீண்டும் நடக்கவேண்டும். கழிக்கும் தொகை ஒவ்வொன்றுக்கும் பில் அல்லது எழுத்து மூலமான மதிப்பீடு வேண்டும். மின்கட்டணத்துக்காகச் சிறிய தொகையை மட்டும் நிறுத்திவைத்து, மீதியை அன்றே வங்கி வழியாக அனுப்பிவிட்டுச் சாவியை வாங்கவேண்டும். அடுத்த குடித்தனம் வந்த பிறகுதான் கொடுக்க முடியும் என்ற நிலையில் உள்ள உரிமையாளர், அதை ஒப்பந்தம் எழுதும்போதே சொல்லி, அதிகபட்சம் எத்தனை நாள் என்று குறிப்பிடட்டும். குடியிருப்பவர் அதை அறிந்தே வருவார். சொன்ன தேதிக்குள் பணம் வராவிட்டால், பேச்சுவார்த்தையிலேயே காலத்தைக் கழிக்காமல் எழுத்து மூலம் கேட்டுவைக்க வேண்டும். பணம் கோரும் வழக்குகளுக்குப் பொதுவாக மூன்று ஆண்டுக் காலவரம்பு உண்டு என்பது பலருக்குத் தெரியவில்லை.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். தங்கள் நாளிதழின் ஞாயிறு பதிப்பில் வீடு, மனை விளம்பரங்கள் வரும் பக்கத்தில், குடியேறும் நாளுக்கும் காலி செய்யும் நாளுக்குமான ஒரு மாதிரிப் படிவத்தைத் தமிழில் வெளியிட வேண்டும். வாசகர்கள் வெட்டி எடுத்துப் பயன்படுத்தும் அளவில் அரைப் பக்கம் போதும். நாங்கள் பயன்படுத்தும் படிவத்தையும், வாடகை ஒப்பந்தத்தின் வழக்கமான வரிகளுக்கு எளிய தமிழில் எழுதிய விளக்கத்தையும் இக்கடிதத்துடன் இணைத்திருக்கிறேன். திருத்தி வெளியிட எங்களுக்கு முழுச் சம்மதம். அல்சூர் ஏரிக்கரையில் உள்ள பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் போன்ற அமைப்புகள் மாதத்தில் ஒரு ஞாயிறு காலை, வாடகை ஒப்பந்தத்தைக் கொண்டுவருகிறவர்களுக்கு அதைப் படித்து விளக்கும் ஏற்பாட்டைச் செய்ய முன்வந்தால், எங்கள் அலுவலகத்திலிருந்து நானும் என்னுடன் பணிபுரியும் இருவரும் கட்டணமின்றி வந்து உதவுகிறோம். ஜூன் மாதப் பள்ளித் திறப்பை ஒட்டி வீடு மாறும் குடும்பங்கள் அதிகம் என்பதால், ஏப்ரலுக்குள் படிவம் வெளிவந்தால் மிகவும் பயன்படும்.

இப்படிக்கு,
வாடகை வீட்டுப் பராமரிப்பு அலுவலகப் பணியாளர்,
ஜீவன்பீமா நகர், பெங்களூரு